சொத்து வரி, பெட்ரோல், டாஸ்மாக், கடன்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் வரிக் கேள்விகள்

பட்ஜெட் வரும் வாரத்திலும், மாநகராட்சிக்கு அரையாண்டு சொத்து வரி கட்டும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலும் எனக்கு ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. குடியிருப்போர் சங்கத்தில் கேட்கிறார்கள், பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், வாடகை ஏறிய கோபத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சியில் கண்டது எது, என் கருத்து எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

வருமான வரி கட்டாதவர் "நான் வரியே கட்டுவதில்லை" என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. 2025 மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, சரி. ஆனால் அவர் மொபைல் ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி போகிறது, வண்டிக்கு பெட்ரோல் போடும்போது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சேர்த்துப் போகிறது. வீட்டு வேலை செய்கிற அக்காவும் ஐடி கம்பெனி மேலாளரும் ஒரே பற்பசைக்கு ஒரே வரிதான் கொடுக்கிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் அந்த அக்கா கொடுப்பதுதான் அதிகம், ஏனென்றால் அவருடைய சம்பளம் முழுவதும் செலவாகிவிடுகிறது, மேலாளர் பாதியைச் சேமிக்கிறார்.

சட்டப்படி கடைக்காரர்தானே வரி கட்டுகிறார்? நாம் ஏன் சுமக்கிறோம்?

சலானில் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு, சுமை யார் மேல் இறங்குகிறது என்பது வேறு. வரி போட்டதும் விற்பவர், வாங்குபவர் இருவருமே அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், அதில் யாருக்கு வேறு வழி குறைவோ அவர் மேல்தான் பெரும்பங்கு விழும். வேலைக்குப் போக வண்டி இல்லாமல் முடியாது என்றால் பெட்ரோல் வரி உங்களுடையது. அதுவே பக்கத்தில் பத்து கடை இருக்கிற இடத்தில் ஒரு ஹோட்டல்காரர் தன் செலவு ஏறியது என்று தோசை விலையை ஏற்றினால் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும், அங்கே சுமையில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் சொத்து வரி ஏறினால் வாடகை ஏறுமா? எங்கள் ஹவுஸ் ஓனர் அதைச் சொல்லித்தான் ஏற்றினார்.

இங்கே நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மயிலாப்பூரில் இருக்கிற ஒரு மனை நிலத்தை யாரும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, புதிதாக உற்பத்தி செய்யவும் முடியாது. அதனால் நிலத்தின் மேல் விழும் வரி உரிமையாளர் தலையிலேயே நிற்கும் என்பது பொருளாதாரத்தில் மிகப் பழைய முடிவு, இன்றும் பெரும்பாலானவர்கள் ஏற்பது. கட்டடத்தின் மேல் விழும் பங்கு கொஞ்சம் வேறு. வரி அதிகமாக இருந்தால் காலப்போக்கில் புதிய வீடுகள் கட்டுவது குறையும், அப்போது வாடகை வழியாக அதில் ஒரு பகுதி குடியிருப்பவரிடம் வந்து சேரும்.

உங்கள் ஹவுஸ் ஓனர் விஷயத்தில் நான் கேட்பது இதுதான்: மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் ஆள் வரும் என்றால், வரி ஏறும்வரை அவர் ஏன் காத்திருந்தார்? வாடகையைத் தீர்மானிப்பது அந்தத் தெருவில் வீடு தேடுகிறவர்களின் எண்ணிக்கை. வரி நோட்டீஸ் பேச்சைத் தொடங்க ஒரு காரணமாக இருந்திருக்கும்.

எல்லா வரியையும் விட சொத்து வரியை ஏன் இவ்வளவு வெறுக்கிறோம்?

கண்ணுக்குத் தெரிவதால். இதைப் பற்றி நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் மூவரும் அமெரிக்காவில் ஒரு பெரிய கடையில் சோதனை செய்தார்கள். அங்கே விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் சேரும். இவர்கள் சில பொருட்களுக்கு வரியும் சேர்ந்த விலையை அலமாரியிலேயே ஒட்டினார்கள். கட்ட வேண்டிய மொத்தத் தொகை மாறவே இல்லை, ஆனாலும் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. 2009-இல் வெளியான கட்டுரை அது. அதே ஆண்டு ஏமி ஃபிங்கெல்ஸ்டைன் சுங்கச்சாவடிகளைப் பற்றி எழுதினார். கையில் காசு கொடுப்பது போய் மின்னணு முறை வந்த சாலைகளில், பழைய முறையே தொடர்ந்திருந்தால் இருந்திருக்கும் கட்டணத்தை விட 20 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டணம் போய் நின்றது, ஓட்டுநர்கள் தாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையே சரியாகச் சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஃபாஸ்டாக் ஒட்டிய வண்டியில் செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் போய் வருகிறவர்கள், வழியில் மொத்தம் எவ்வளவு பிடித்தார்கள் என்று எஸ்எம்எஸ் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

சொத்து வரிக்கே நேராக ஒரு ஆய்வு உண்டு. மரிகா கேப்ரல், கேரலைன் ஹாக்ஸ்பி இருவரும் செய்தது. அமெரிக்காவில் சிலருக்கு வீட்டுக்கடன் தவணையோடு சேர்ந்தே சொத்து வரியும் போய்விடும், சிலர் தனியாகக் கட்ட வேண்டும். தவணையோடு போகிறவர்கள் அதிகம் உள்ள பகுதிகளில் வரி விகிதம் கூடுதலாகவும் எதிர்ப்பு குறைவாகவும் இருந்தது.

இப்போது நம் ஊர் கதையைப் பாருங்கள். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1998-க்குப் பிறகு பொதுவான சொத்து வரிச் சீராய்வு நடந்தது 2022-இல்தான். நடுவில் 2018-இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். 2022-லும் நகரம் தானாக விழித்துக்கொள்ளவில்லை. உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும் என்று, மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று ஏற்றினார்கள். ஒரே நாளில் இரண்டரை மடங்கு என்றால் யாருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இடைப்பட்ட அந்த 24 ஆண்டுகளில் நிலத்தின் விலை எங்கிருந்து எங்கே போனது என்பதை வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ மனை வாங்கியவர்கள் சொல்வார்கள். அத்தனை காலமும் மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் பணம் வேறு எங்கிருந்தோ வந்தது. அந்த "வேறு எங்கிருந்தோ"வில் வீடே இல்லாதவர் கொடுத்த ஜிஎஸ்டியும் பெட்ரோல் வரியும் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆண்டுக்கு ஐந்தோ ஆறோ சதவீதம் என்று ஒழுங்காக ஏற்றியிருந்தால் 2022-இல் யாரும் அலறியிருக்க மாட்டார்கள்.

வசூலிப்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் வரி ஒழுங்காக வராதா?

வரும், கூடவே வேறு ஒன்றும் வரும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அத்னான் கான், ஆசிம் குவாஜா, பெஞ்சமின் ஓல்கன் மூவரும் இதைச் சோதித்தார்கள். சொத்து வரி வசூலிப்பாளர்களுக்கு வசூலைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுத்த வட்டாரங்களில் வரி வருவாய் வளர்ந்த வேகம் மற்ற இடங்களை விட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் மறுமதிப்பீடு ஆகாமல் தப்பிய வீடுகளில் லஞ்சத் தொகையும் ஏறியது, ஏனென்றால் "உன்னை எழுதினால் எனக்கு ஊக்கத்தொகை கிடைக்கும், எழுதாமல் விட நீ எவ்வளவு தருகிறாய்" என்று கேட்கும் பலம் வசூலிப்பாளருக்கு வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு கட்டடத்தின் பரப்பளவும் வரியும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருப்பது முதலில் வேண்டும், ஊக்கத்தொகையெல்லாம் அப்புறம்.

25 கிலோ அரிசி மூட்டை ஏன் திடீரென்று 26 கிலோ ஆனது?

2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி முன்கூட்டியே பொட்டலமிட்ட அரிசி 25 கிலோ அல்லது அதற்குக் கீழே இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று ஆனது. 25-க்கு மேல் போனால் வரி இல்லை. ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. சட்டத்தில் எங்கே ஒரு கோடு கிழிக்கிறீர்களோ, அந்தக் கோட்டை ஒட்டிக் கூட்டம் சேரும். வருமான வரி அடுக்குகளிலும் நிறுவனங்களின் விற்றுமுதல் வரம்புகளிலும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பாதிப்பு யாருக்கு என்றால், மொத்தமாக 26 கிலோ வாங்கக் கையில் பணம் இல்லாமல் ஐந்து கிலோ பை வாங்குகிற குடும்பத்துக்கு. அவர்கள்தான் வரி கொடுக்கிறார்கள்.

பத்திரப் பதிவுக்கு இவ்வளவு செலவு ஏன்? குறைத்தால் அரசுக்கு நட்டம்தானே?

தமிழ்நாட்டில் 2017-இல் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்தால் 11. 2023 ஏப்ரலில் திருப்பிப் போட்டார்கள்: வழிகாட்டி மதிப்பு 2017-க்கு முந்தைய நிலைக்கு ஏறியது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது, ஆக மொத்தம் 9. இரண்டாவது திசைதான் சரி என்பது என் கருத்து. வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்குக் கீழே இருக்கும் இடைவெளியில்தான் கறுப்புப் பணம் குடியிருக்கிறது. விகிதம் உயர உயர அந்த இடைவெளியை விட்டுவைக்க வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஆசை கூடும்.

இன்னொன்று. வீடு கைமாறும்போது போடும் வரி, ஆளை ஒரே இடத்தில் கட்டிப்போடும். பெருங்குடியில் வேலை கிடைத்தும் அம்பத்தூர் வீட்டை விற்காமல் தினமும் ஊரைத் தாண்டுகிறவர்களுக்கு இது தெரியும். வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் மிதமாக வாங்கிக்கொண்டு, கைமாறுவதற்குக் குறைவாக வாங்குவதே நல்லது என்பதில் வரி ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. சென்னை பல ஆண்டுகளாக இதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறது.

பெட்ரோல் வரியில் மாநிலத்துக்குப் பங்கு வருகிறதா?

மாநிலம் தனியாக வாட் என்ற விற்பனை வரியைப் போட்டுக்கொள்கிறது. மத்திய அரசின் கலால் வரியில் வரும் பங்கு மிகச் சிறியது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைத் தீர்வை 1.40 ரூபாய்தான், மிச்சமெல்லாம் செஸ், சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரி வகை. அரசியல் சாசனத்தின் 270-வது பிரிவின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் பகிர்வுக்கு வராது. 2011-12-இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருந்த இவை, 2020-21-இல் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டன. நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று சொன்னாலும் அது எதில் 41 சதவீதம் என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

"நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்புகிறது" என்கிறார்களே, உண்மையா?

அந்தக் கணக்கு, இங்கே வசூலான மத்திய வரியையும் நமக்கு வந்த பங்கையும் வகுத்துப் பார்ப்பது. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிறுவனம் நாடு முழுக்க விற்றுச் சம்பாதித்தாலும் வருமான வரியைத் தலைமையகம் இருக்கிற ஊரில் கட்டும். மும்பை எண்கள் பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னையில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் வரியில் பீகார் வாடிக்கையாளரின் பணமும் இருக்கும். ஆகவே 29 காசை அப்படியே பிடித்துக்கொண்டு வாதாடினால் எதிர்த் தரப்பு எளிதில் தட்டிவிடும்.

வலுவான வாதங்கள் வேறு இருக்கின்றன. மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14-வதில் 4.023, 15-வதில் 4.079. பணக்கார மாநிலத்தை விட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற ஒரே அளவுகோலுக்கு 15-வது நிதிக்குழு 45 சதவீத எடை கொடுத்தது. பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 சதவீதம், வரி வசூல் முயற்சிக்கு வெறும் 2.5. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகப் போக வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன், ஒரே நாடாக இருப்பதன் பொருளே அதுதான். ஆனால் தானே முயன்று வரி வசூலிக்கிற மாநிலத்துக்கு அது கொடுத்த 2.5 சதவீத எடை போதவில்லை. அதை விடப் பெரிய பிரச்சினை, பகிர்வுக்கே வராமல் போகிற செஸ்.

டாஸ்மாக் இல்லாமல் அரசு நடக்காதா?

2023-24-இல் மதுவிலிருந்து வந்த கலால், வாட் இரண்டும் சேர்த்து 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கால் பங்கைத் தாண்டுகிறது. இதை நாளைக்கே நிறுத்து என்றால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி உடனே வரும்.

இந்தக் கேள்விக்கு சென்னையிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1937-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போன வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது, இந்தியாவிலேயே முதல் முறையாக. பிறகு மற்ற மாகாணங்கள் அதைப் பின்பற்றின, அது வாட் ஆகி, 2017-இல் ஜிஎஸ்டிக்குள் போய்ச் சேர்ந்தது. மது விற்பனை 1971-இல் திரும்பி வந்தது, 1983-இல் டாஸ்மாக் தொடங்கியது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைசியில் மதுவுக்கு மாற்றாக வந்த வரியும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது.

மது வரி ஏறினால் குடி குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தினமும் குடிக்கிறவர் குறைப்பது கொஞ்சம்தான். அவருக்கு ஏறிய விலை வீட்டுச் செலவிலிருந்து வருகிறது, அதாவது மனைவி, பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்தும் பள்ளிக் கட்டணத்திலிருந்தும். வரி என்று பார்த்தால் தமிழ்நாட்டில் இதைப்போல ஏழைக் குடும்பத்தை அடிக்கும் வரி வேறு இல்லை என்று நினைக்கிறேன். ஒரே நாளில் மூட முடியாது என்பதும் தெரியும். ஜிஎஸ்டி விகிதம், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில் கையில் போய்விட்ட பிறகு மாநிலம் தானாக ஏற்ற முடிந்தவை மது, பெட்ரோல், பத்திரம், வாகனம், சொத்து வரி என்று சிலவே. இதில் ஏற்ற இடமிருந்தும் நாம் தொடத் தயங்குவது சொத்து வரியை.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். ஜிஎஸ்டி சங்கிலியில் ஒவ்வொரு வியாபாரியும் தான் வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முந்தையவரிடம் பில் கேட்பார், அதனால் ஒருவரை ஒருவர் கண்காணிக்கிறார்கள். கடைசியில் நிற்கும் நமக்குக் கழிக்க எதுவும் இல்லை, அங்கேதான் சங்கிலி அறுகிறது. சிலியில் டினா பொமரன்ஸ் செய்த ஆய்வில் ஏய்ப்பு பெரும்பாலும் இந்தக் கடைசிக் கண்ணியில்தான் இருந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பில் கேட்ட வாடிக்கையாளருக்கு வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், கடைகள் கணக்கில் காட்டிய விற்பனை நான்கு ஆண்டுகளில் 21 சதவீதமாவது ஏறியது என்று ஜோவானா நரிடோமி கண்டார். பக்கத்தில் கேரளம் 2022-இல் லக்கி பில் என்று பரிசுத் திட்டம் நடத்தியது. தமிழ்நாடும் செய்து பார்க்கலாம்.

வரியைக் குறைத்தால் வசூல் கூடும் என்பது சரியா?

வரி விகிதம் மிக உச்சத்தில் இருக்கும்போது சரி. நடுவில் இருக்கும்போது பெரும்பாலும் இல்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகக் குறைத்தார்கள். அப்போதே அரசு சொன்ன இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. 2023-24-இல் தனிநபர் வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, நிறுவன வரி சுமார் 9.1 லட்சம் கோடி. சம்பளக்காரர்களும் தனிநபர்களும் நிறுவனங்களை முந்திவிட்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் அரசுக் கடன் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அந்த எண் 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலிருந்து வந்தது, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். யாரும் வீட்டுக்கு வந்து அதைக் கேட்கப் போவதில்லை. மாநிலத்தின் உற்பத்தியோடு ஒப்பிட்டால் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் கடன் 26 சதவீதம் அளவில் இருக்கிறது, அது கைமீறிய நிலை அல்ல.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு எண்களுக்கு. அதே பட்ஜெட்டில் வருவாய் சுமார் 3.31 லட்சம் கோடி, வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல். நூறு ரூபாய் வந்தால் 21 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அடுத்து, வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாடச் செலவு வருவாயைத் தாண்டிய தொகை) 41,635 கோடி, மொத்த நிதிப் பற்றாக்குறை (கடன் வாங்கி நிரப்பும் தொகை) ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல். அதாவது வாங்குகிற கடனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சம்பளம், ஓய்வூதியம், மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் வாங்கினால் நாற்பது ஆண்டு ஓடும் ரயில் மிஞ்சும். சம்பளத்துக்கு வாங்கினால் வட்டிதான் மிஞ்சும். தேசிய பொதுநிதி மற்றும் கொள்கை நிறுவனத்தில் சுகன்யா போஸும் பானுமூர்த்தியும் கணக்கிட்டபோது, அரசு மூலதனச் செலவாக, அதாவது சாலை, ரயில் போன்ற நிலைத்து நிற்கும் சொத்துக்களுக்காக, போடும் ஒரு ரூபாய் பொருளாதாரத்தில் 2.45 ரூபாயாகப் பெருகியது, மற்ற செலவுகள் ஒரு ரூபாயை ஒட்டியே நின்றன.

அப்படியானால் மகளிர் உரிமைத் தொகை வீண் செலவா?

இல்லை. எல்லாச் செலவையும் பெருக்கத்தை மட்டும் வைத்து எடை போடக் கூடாது. மாதம் 1,000 ரூபாய் என்று 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது, ஆண்டுக்கு 13,000 கோடிக்கு மேல். முன்பு சொன்ன வீட்டு வேலை செய்கிற அக்கா கொடுத்த மறைமுக வரியில் ஒரு பகுதி அவரிடமே திரும்புகிறது என்று பாருங்கள். என் கேள்வி திட்டத்தைப் பற்றியதல்ல, அதற்கான பணம் டாஸ்மாக்கிலிருந்தா, பெரிய சொத்துக்களிலிருந்தா என்பதைப் பற்றியது.

சென்னையில் இதையெல்லாம் யார் ஆராய்கிறார்கள்?

கோட்டூர்புரம் பக்கம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. 1993-இல் அதைத் தொடங்கியவர் ராஜா செல்லையா. 1991-இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர், இன்று நாம் கட்டும் எளிமையான வருமான வரி அடுக்குகளுக்கு அடித்தளம் போட்டவர். அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ்) இருக்கிறது. இரண்டாவது நிதிக்குழுவின் தலைவர் கே. சந்தானம், நான்காவதின் தலைவர் பி.வி. ராஜமன்னார், பன்னிரண்டாவதின் தலைவர் சி. ரங்கராஜன், மூவரும் அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள். இந்த மரபு இருந்தும் இதைப் பற்றிச் சாதாரண ஆட்களுக்குத் தமிழில் எழுதப்படுவது குறைவு.

பட்ஜெட் வரும்போது எதை மட்டும் பார்த்தால் போதும்?

மாநில பட்ஜெட்டில் நான்கு எண்கள்: சொந்த வரி வருவாய், வட்டிச் செலவு, வருவாய்ப் பற்றாக்குறை, மூலதனச் செலவு. மதிப்பீட்டை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு ஆண்டு முந்தைய உண்மைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் அதில் தெரியும். மாநகராட்சி பட்ஜெட்டில் சொத்து வரி எவ்வளவு வந்தது, நிலுவை எவ்வளவு, உங்கள் மண்டலத்தில் மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அந்த நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். சின்ன வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கெடுவுக்குள் கட்டிவிடுகிறார்கள், பெரிய வணிகக் கட்டடங்களின் நிலுவையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.